போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று

தண்டவாளம் என்றால் இரண்டு இருக்கும். ஆனால் அக்கா ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பார்ப்பாள். காலையில் ஸ்டேஷன் பக்கமிருந்து கிளம்பி கம்பெனி கேட் வரை போகும்போது வலது கைப்பக்கத் தண்டவாளம். கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போதும் வலது கைப்பக்கம்தான். ஆனால் இப்போது அது மற்றது. நாங்களெல்லாம் நடுவில் நடந்தபடி இரண்டு பக்கமும் கண்ணை ஓட்டிவிட்டு, கேட்டருகே டீ குடித்துவிட்டு, ஏதாவது லாரியில் தொற்றிக்கொண்டு திரும்பிவிடுவோம். அக்கா லாரியில் திரும்பி நான் பார்த்ததில்லை.

"ரெண்டு கண்ணு கீதேன்னு ரெண்டையும் ஒரே நேரத்துல பாத்தா, எதையும் பாக்கலன்னு அர்த்தம்டா தம்பி," என்பாள்.

அது கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பெனியின் சொந்த லைன். ஸ்டேஷனிலிருந்து பிரிந்து, முள்காட்டை ஒட்டி வளைந்து, கம்பெனி கேட்டுக்குள் போகும். மொத்தம் மூன்று கிலோமீட்டர் இருக்கும். அதைப் பராமரிக்க ஒரு கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே ஒரு மேஸ்திரி, மேஸ்திரிக்குக் கீழே நாங்கள் ஒன்பது பேர் கொண்ட கேங்கு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அக்கா அந்த ஐந்தும் முடிக்கவில்லை. ஜல்லி சுமக்கத்தான் அவளைச் சேர்த்தார்கள். தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் இரும்புச் சாவிகள் வண்டி அதிர்வில் தளர்ந்துகொண்டே இருக்கும். தினமும் ஒருவர் நடந்து அவற்றைச் சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டும். பெரிய ரயில்வேயில் அந்த ஆளைக் கீமேன் என்பார்கள். எங்கள் லைனில் அந்த வேலையைச் செய்த ஆள் ஒருநாள் நின்றுவிட, யாரும் சொல்லாமலேயே அக்கா சுத்தியலை எடுத்தாள். பிறகு அதைக் கீழே வைக்கவில்லை. எல்லோருக்கும் அவள் கீமேனக்கா ஆனாள். எனக்கு மட்டும் உண்மையாகவே அக்கா. என் பெரியப்பா மகள்.

தளர்ந்த எதையும் அவளால் தாண்டிப் போக முடியாது. டீக்கடை பெஞ்சு ஆடினால் எழுந்து, ஒரு கல்லை எடுத்து ஆணியை அடித்துவிட்டுத்தான் உட்காருவாள். பஸ்ஸில் ஜன்னல் கம்பி கடகடவென்று ஆடினால், இறங்கும் வரை அதைக் கையால் பிடித்துக்கொண்டே வருவாள். என் கல்யாணத்தில் மணவறைக் கால் ஒன்று ஆடியது. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா பின்னால் போய் டொக் டொக் என்று தட்டினாள். என் மாமியார் முகம் சுளித்தார். அக்கா, "உங்க மாப்ள மேலதான் உழும் சம்மந்தி, பரவால்லயா?" என்றாள்.

அந்தக் கல்யாணமே அவள் பேசி முடித்ததுதான். நான் பேசமாட்டேன். ரேஷன் கடையில் சர்க்கரை குறைந்தால்கூடக் கேட்கமாட்டேன். பெண் பார்க்கப் போன இடத்தில் என்னைப் பிடித்திருக்கிறதா என்று அவர்கள் கேட்டதற்கு நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அவன் தரையப் பாக்கறான்னா புடிச்சிருக்குதுன்னு அர்த்தம். புடிக்கலன்னா செருப்பப் பாப்பான்," என்று அக்கா சொன்னாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் சீக்கிரமே போய்விட்டார். என் மகள் நந்தினி பிறந்ததிலிருந்து பாதி நாள் அக்காவின் இடுப்பில்தான் இருந்தாள்.

ஒரு மார்கழி மாதக் காலையில், வளைவு தாண்டி ஓரிடத்தில் அக்கா மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். குளிரில் இரும்பு சுருங்கும், எங்காவது விரிசல் விடும். நான் அருகில் போய்க் குனிந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்கா என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டிய பிறகுதான், ஒரு மயிரிழை போல விரிசல் தட்டுப்பட்டது. அதுவும் அவள் திரும்பி வரும்போது பார்த்தது. போகும்போது அதே இடத்தைத் தாண்டித்தான் போயிருந்தாள், மற்ற தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு.

அவள் கொடியை ஊன்றி வண்டியை நிறுத்தச் சொன்னாள். மேஸ்திரி கத்திக்கொண்டே ஓடி வந்தார். "இன்னாம்மா, வண்டிய நிறுத்தச் சொல்ல நீ யாரு? ஸ்டேஷன் மாஸ்டரா?"

"ஸ்டேஷன் மாஸ்டரு குனிஞ்சி பாத்தா அவரும் இதான் சொல்வாரு. நீயும் குனிஞ்சி பாரு மேஸ்திரி, தொப்பை உட்டா."

மேஸ்திரி குனிந்து பார்த்தார். பட்டை எடுத்துவர அவரே ஆள் அனுப்பினார். இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை கொடுத்து, போல்ட் முடுக்கி, இரண்டு தண்டவாளத்துக்கும் இடையிலுள்ள அகலத்தை அளவுக் கம்பி வைத்துப் பார்த்து, பிறகு வண்டியை விட்டோம். அன்று மத்தியானம் சோறு தின்னும்போது அக்கா சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"ஒன்னு ஒடஞ்சா பயம் இல்லடா. இன்னொன்னு கீதே, அத வச்சி அளந்து நிமித்திரலாம். ரெண்டும் ஒரே எடத்துல ஒடஞ்சா, எத வச்சிடா அளக்கறது?"

பல வருஷம் கழித்து, அதே சோற்று நேரத்தில், அதே குரலில், "தம்பி, எனக்கு வலது மார்ல ஒரு கட்டி கீது. கோலிக்குண்டு அளவு. தட்டிப் பாத்தேன், சத்தம் வரல," என்றாள்.

நான் தூக்குச் சட்டியைப் பார்த்தேன். காது சூடானது. அந்த வார்த்தையை அக்கா அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்கு அப்போது பெரிதாக இருந்தது, கட்டி இல்லை. "ஆஸ்பத்திரிக்குப் போலாங்க்கா," என்று சொல்ல எனக்குக் குழம்பு சோறு முடிந்து மோர் சோறு வர வேண்டியிருந்தது.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மின்சார ரயிலில் போனோம். டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பரிசோதனையெல்லாம் முடிந்து, புற்றுநோய்தான் என்று தெரிந்த பிறகு, அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். ஆண் என்றால் கட்டம், பெண் என்றால் வட்டம் என்று போட்டுக்கொண்டே வந்தார்.

"உங்க அம்மா, அம்மாவோட அக்கா தங்கச்சி, பாட்டி, யாருக்காவது மார்புல, இல்ல கர்ப்பப்பை பக்கத்துல கட்டி வந்திருக்கா?"

"எங்கம்மா வழில எல்லாம் கல்லு மாதிரி கீறாங்கம்மா."

"அப்பா வழியில?"

"அப்பனுக்கு ஒரே தங்கச்சி. அது காமாலைல போய்டுச்சி. பொம்பள சமாச்சாரம் அப்பன் வழில எப்டிம்மா வரும்?"

"வரும்மா. அப்பா கிட்டேருந்தும் பாதி வருது இல்லையா." டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "நீங்க தம்பிதானே? உங்களுக்கு எதாவது தெரியுமா?"

எனக்குத் தெரியும்.

அந்தத் தங்கச்சி, நாங்கள் சின்ன அத்தை என்று கூப்பிட்டவர், காமாலையில் சாகவில்லை. கடைசி நான்கு மாதம் அவர் எங்கள் வீட்டுப் பின்கட்டில் கிடந்தார். அப்போது எனக்கு இருபது வயது. நான்தான் தண்ணீர் இறைத்துக்கொண்டு போய் வைப்பேன். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போட்டிருப்பார்கள். ஒருநாள் கதவைத் தட்டாமல் போய்விட்டேன். அத்தையின் இடது பக்கம் திறந்திருந்தது. அது மார்பு மாதிரியே இல்லை. வாளியை வைத்துவிட்டு ஓடிவந்தேன். என் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, "வெளிய சொன்னியானா தோலை உரிச்சிருவேன்," என்றார். அப்போது அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மாமன் வீட்டில் இருந்தாள். குடும்பத்தில் இப்படி ஒரு நோய் என்று தெரிந்தால் பெண்ணை யார் கட்டுவார்கள் என்று பெரியவர்கள் கூடிப் பேசி, ஊருக்குக் காமாலை என்று சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். வெளியே சொல்ல முடியாத நோய் எதுவானாலும் பெண் இருக்கும் வீட்டில் அது காமாலையாகிவிடும். அக்காவிடமும் காமாலை என்றே சொன்னார்கள். அவள் அதையே நம்பிக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். என் அப்பா செத்தே பல வருஷம் ஆகியிருந்தது. தோலை உரிக்க யாரும் இல்லை. ஆனால் அந்தச் சின்ன வயதுப் பெண்ணிடம், அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அத்தையின் மார்பு என்று எப்படிச் சொல்வது? வாய் திறக்கவில்லை. தெரியாது என்று தலையாட்டினேன்.

தாளில் அப்பா பக்கம் வெள்ளையாகவே இருந்தது.

அப்பா வழியில் ஏதாவது இருந்திருந்தால் உடனே ஒரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதியிருப்பேன் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். எதுவும் இல்லாததால் ஆபரேஷன், ஊசி மருந்து, கரண்டு என்று சொல்லும் கதிர் வைத்தியம் என்று எல்லோருக்கும் செய்வதைச் செய்தார்கள். அக்காவின் முடி போய் மறுபடி வந்தது. வந்ததும் சுத்தியலை எடுத்துவிட்டாள். வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. இடது கையால் அடிக்கப் பழகிக்கொண்டாள். "இத்தினி நாளா சொம்மா இருந்திச்சி இந்தக் கை. இப்ப வேல கத்துக்கினிச்சி," என்பாள். மேஸ்திரி பாதி தூரம் போதும் என்றார். "பாதி தூரம்னா போறதா, வர்றதா?" என்று கேட்டாள்.

இரண்டரை வருஷம் கழித்து முதுகு வலித்தது. நோய் எலும்பில் வந்துவிட்டது. இந்த முறை டாக்டரம்மா ரத்தம் எடுத்து அந்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் எங்கள் இருவரையும் உட்கார வைத்தார்.

"நீங்க என்னம்மா வேலை பாக்குறீங்க?" அக்கா சொன்னாள். டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்போ உங்களுக்கு என்னைவிட நல்லாப் புரியும்."

உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டிஎன்ஏ என்று ஒன்று, தண்டவாளம் போலவே இரண்டு இழையாக ஓடுகிறதாம். தினமும் அது எங்கெங்கோ உடைகிறதாம். நல்லா இருக்கிற உடம்பிலும் உடையுமாம்.

"உடைஞ்சதை ஒட்டுறதுக்கு உள்ளேயே புரதங்கள் இருக்கு. ஒரு இழை மட்டும் உடைஞ்சா ஒரு சின்ன கேங்கு வந்து ஒட்டிடும். ரெண்டு இழையும் ஒரே இடத்துல உடைஞ்சா..."

"எத வச்சி அளக்கறது?" என்றாள் அக்கா.

டாக்டரம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "அதேதான். அதுக்கு ஒரு பெரிய கேங்கு வேணும். அந்தக் கேங்கைக் கூப்பிட ரெண்டு மேஸ்திரி. ஒருத்தரை அம்மா குடுக்குறாங்க, ஒருத்தரை அப்பா குடுக்குறாங்க. உங்களுக்குப் பொறக்கும்போதே ஒரு மேஸ்திரி சரியில்ல. இன்னொருத்தர் இருந்ததால இத்தனை வருஷம் ஓடிச்சு. எங்கயோ ஒரு செல்லுல அவரும் போயிட்டார். அந்தச் செல்லுல ரெண்டு பக்கமும் உடைஞ்சது தப்புத் தப்பா ஒட்டி, புத்தி கெட்டு, பெருகிடுச்சு. அதுதான் கட்டி."

அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எந்த மேஸ்திரிம்மா? எங்கம்மா குடுத்ததா, அப்பன் குடுத்ததா?"

"அதுதான் தெரியல. அம்மா வழியில ஒண்ணுமே இல்லைன்னு சொன்னீங்க. அப்பா வழியில?"

"அதான் சொன்னேனேம்மா. ஒரே தங்கச்சி, காமாலைல..."

"காமாலை இல்ல," என்றேன்.

என் குரல் எனக்கே வேறு யாரோ பேசியது போலக் கேட்டது. அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். மேற்கொண்டு சொன்னேன். பாதி சைகையில் சொன்னேன். டாக்டரம்மா திட்டவில்லை. பழைய தாளை எடுத்து, வெள்ளையாக இருந்த பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, அதைக் கறுப்பாக நிரப்பினார்.

"முன்னயே தெரிஞ்சிருந்தா?" என்று அக்கா கேட்டாள்.

"வேற சில வைத்தியமும் பண்ணியிருப்போம். அதனால எப்படி ஆகியிருக்கும்னு என்னால சொல்ல முடியாதும்மா. யாராலயும் சொல்ல முடியாது."

அன்று ரயிலில் ஜன்னலோரம் அக்கா. எதிரே நான். எண்ணூர் போனது, மீஞ்சூர் போனது. பொன்னேரியில் கூட்டம் இறங்கிய பிறகு கேட்டாள்.

"மொத தடவ கேட்டப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"ம்."

கவரைப்பேட்டையும் வந்து போனது. நான் அழுதுகொண்டிருந்தேன். அக்கா அதைப் பார்க்காதது போல வெளியே பக்கத்துத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்க எழுந்தபோதுதான் பேசினாள்.

"சரி. போறப்ப நீ பாக்கல. வர்றப்பவாச்சும் பாரு. எங்கப்பனும் உங்கப்பனும் ஒரே வயிறு. நந்தினி கீறா."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அது எப்படி வேலை செய்யும் என்று டாக்டரம்மா சொன்னபோது அக்கா சிரித்துவிட்டாள். புற்றுச் செல்லில் பெரிய கேங்கு ஏற்கெனவே இல்லை; சின்ன கேங்கை வைத்துத்தான் அது பிழைக்கிறது. மாத்திரை அந்தச் சின்ன கேங்கை வேலை செய்யவிடாமல் நிறுத்திவிடும். ஒட்ட ஆள் இல்லாமல் உடைசல் சேர்ந்து சேர்ந்து, அந்தச் செல் தானே விழுந்துவிடும்.

"இன்னாம்மா இது அநியாயமா கீது! நாளெல்லாம் சுத்தியலத் தூக்கினு அலஞ்சவளுக்கு, சுத்தியலப் புடுங்கற மாத்திரையா?"

ஆனால் ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டாள். வலி குறைந்தது. ஸ்கேனில் எல்லாம் சுருங்கியிருந்தது. ரத்தம் மட்டும் குறைந்துவிட்டது. கொஞ்சம் நடந்தால் மூச்சு வாங்கியது. அதனால் சுத்தியல் என் கைக்கு வந்தது. அக்கா வளைவில் இருந்த எங்கள் சாமான் ஷெட்டில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வாள். நான் அடித்துக்கொண்டே நடப்பேன். இறுகிய சாவிக்கு ஒரு சத்தம், தளர்ந்ததற்கு ஒரு சத்தம். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"தம்பி! ஒன்ன உட்டுட்ட!"

"எதக்கா?"

"எதுன்னு எனக்கெப்டித் தெரியும்? டங்கு டங்குன்னு வந்துகினே இருந்த, நடுவுல ஒன்னு டொக்குன்னிச்சி, நீ பாட்டுக்குப் போய்க்கினே கீற. இன்னா, எவ நெனப்பு?"

திரும்பி வந்து தேடுவேன். இருக்கும்.

வேலை முடிந்து ஸ்டூலை உள்ளே எடுத்து வைக்கும்போது தினமும் ஒரு கேள்வி கேட்பாள்.

"சொன்னியா?"

"சொல்றேங்க்கா."

நந்தினிக்குப் பொன்னேரியிலிருந்து ஒரு இடம் வந்திருந்தது. பையன் நல்லவன். நந்தினியோடு ஒரே கம்பெனியில் வேலை, அவளுக்கும் பிடித்திருந்தது. இந்தச் சமயத்தில் போய் எப்படிச் சொல்வது என்று என் மனைவியிடம்கூட வாயைத் திறக்கவில்லை. உங்கள் ரத்தத்தை முதலில் பாருங்கள், உங்களிடம் இல்லை என்றால் உங்கள் வழியாக மகளுக்குப் போயிருக்காது, அப்படியே இருந்தால்கூட முன்கூட்டியே கண்காணித்துக் காப்பாற்ற வழி இருக்கிறது என்று டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். எல்லாம் எனக்குப் புரிந்தது. என் அப்பாவும் அன்று இப்படித்தான் எல்லாம் புரிந்துதான் பேசாமல் இருந்திருப்பார்.

பதினான்கு மாதம் மாத்திரை வேலை செய்தது. பிறகு ஈரலில் புதிதாக வந்தது. அந்தப் புற்றுச் செல்கள் கெட்டுப்போன மேஸ்திரியை எப்படியோ சரிசெய்துகொண்டு, பெரிய கேங்கைத் திரும்பவும் கூப்பிட்டுக்கொண்டன என்று டாக்டரம்மா சொன்னார். இனி மாத்திரை கேட்காது. உடம்பை ஒட்ட வேண்டிய வேலை இப்போது நோயை ஒட்டுகிறது.

அக்கா மாத்திரை அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். "ஒழுங்கா வேல செய்யற கேங்காட்டம் கீது," என்றாள். "எங்கிட்டதான் கத்துக்கினிச்சி போல."

டாக்டரம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

கடைசியாக அக்காவின் கண்ணும் தோலும் மஞ்சளாயின. ஈரல் போனால் அப்படி ஆகுமாம். பார்க்க வந்த உறவுக்காரர்கள் ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு வேலை மிச்சம். அக்காவுக்கு அது தெரிந்தது. என்னைக் கிட்டே வரச் சொல்லி, "பாத்தியாடா, நெசமாவே காமாலை ஆக்கிட்டாங்க என்ன," என்றாள். சிரிக்க முயன்றாள். கட்டிலின் இரும்புச் சட்டத்தைக் விரல் கணுவால் ஒரு தரம் தட்டிப் பார்த்தாள். ஆடியது. நான் காகிதத்தை மடித்துக் காலுக்கு அடியில் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் போய்விட்டாள்.

உயிர் போன அன்றும் அவள் கேட்டாள், சொன்னியா என்று. அன்றும் நான் சொல்றேங்க்கா என்றேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பொன்னேரிக்காரர்களும் வந்திருந்தார்கள். பையனின் அம்மா என் மனைவியிடம், "இன்னா சீக்குங்க அவங்களுக்கு?" என்று கேட்டார். என் மாமா ஒருவர் முந்திக்கொண்டு, "காமாலைம்மா. நாட்டு மருந்து குடுத்துப் பாத்தோம், கேக்கல," என்றார். சொல்லிவிட்டு, விஷயத்தை முடித்துவிட்டேன் என்பது போல என்னைப் பார்த்தார். வீடு நிறைய ஜனம். நான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஜக்கைக் கீழே வைத்தேன்.

"காமாலை இல்லீங்க," என்றேன். "அக்காவுக்கு மார்ல புத்து. எங்க சின்ன அத்தைக்கும் அதான். எங்கப்பா வழில வருது. எனக்கும் இருக்கலாம்."

என் மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். மாமா எழுந்து வெளியே போனார். பையனின் அம்மா இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

நான் பின்பக்கம் போய்க் குழாயடியில் நின்றேன். நந்தினி பின்னாலேயே வந்தாள். அவளிடம் தனியாகச் சொல்லாமல் சபையில் சொல்லிவிட்டேனே என்று அப்போதுதான் உறைத்தது.

"உன்கிட்டதாம்மா மொதல்ல சொல்லியிருக்கணும். ஒன்றரை வருசமா..."

"தெரியும்ப்பா."

"இன்னா தெரியும்?"

"எதுவோ இருக்குதுன்னு. அத்த மாசா மாசம் கேக்கும், உங்கப்பன் எதனா சொன்னானான்னு. இல்லியே, இன்னா விசயம்னு கேட்டா சொல்லாது. 'நான் சொல்லக் கூடாதுடி, அவந்தான் சொல்லணும். சொல்லுவான். போறப்ப உட்டுட்டாலும் வர்றப்ப பாத்துருவான்'னு சிரிக்கும்."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நந்தினி அதை இறுக்கினாள். நிற்கவில்லை. இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள்.

"எப்பப்பா போலாம் ஆஸ்பத்திரிக்கு?"

போவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. பள்ளிப்பட்டில் எங்கள் தாத்தா வழிச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். வயது எண்பதுக்கு மேல். நான் பஸ் ஏறிப் போய் அவர் எதிரே உட்கார்ந்தேன். செத்துப்போன பெண்களைப் பற்றி ஒவ்வொருவராகக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "காமாலை," என்று ஆரம்பித்தார். "நெசத்தச் சொல்லு நைனா," என்றேன். சொன்னார்.

புற்றுநோய்ப் பிரிவின் வரிசையில் எல்லோரும் பெண்கள். நானும் நந்தினியும் நின்றிருந்தோம். வாசலில் இருந்த அம்மா என்னைப் பார்த்து, "கூட வந்தவங்க எல்லாம் வெளிய நில்லுங்க," என்றார்.

"நான் கூட வந்தவன் இல்லம்மா. எனக்குத்தான் பாக்கணும்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தரையைப் பார்க்காமல் நின்றேன்.

டாக்டரம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். அக்காவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவர் மேஜையில் அக்காவின் காகிதக் கட்டு இருந்தது. அதிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். கறுப்பாக நிரப்பிய வட்டங்கள் இரண்டு. சின்ன அத்தை, அக்கா. பக்கத்தில் என் அப்பாவுக்கு ஒரு கட்டம் போட்டு, அதிலிருந்து ஒரு கோடு இறக்கி எனக்கு ஒரு கட்டம், அதற்குக் கீழே நந்தினிக்கு ஒரு வட்டம் போட்டார். இரண்டையும் நிரப்பவில்லை. ரத்தப் பரிசோதனையின் முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்.

நந்தினி தன் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா வழியில வேற யாராவது..." என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். அவர் கேட்டு முடிக்க நான் காத்திருக்கவில்லை.

"இருக்கறாங்கம்மா. எங்க தாத்தாவோட தங்கச்சிக்கு இடது மார்ல. அவங்க பொண்ணுக்கு வயித்துல. இன்னொருத்தங்களும் கீறாங்க. எழுதிக்கோங்க," என்றேன்.